எடைக்கு மேலே

வெல்லம்பிட்டியில், வெள்ளம் வடிந்த சுவரில்
இடுப்பளவு சேற்றுக்கோடு.
அதற்குக் கீழே கட்டிக் கிடந்தது பொலிகாளை.
"இறைச்சிக்கடைக்காரன் மூன்று இருபது
சொல்லிவிட்டுப் போறான் தங்கச்சி"
என்றார் ஃபலீல் நானா.

அது எடைக்கு.

நான் பல்லைப் பார்த்தேன். ஆறு.
விதை இரண்டும் ஒரே அளவா என்று குனிந்தபோது
கூட வந்த ஆட்டோக்காரப் பொடியன்
வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மட்டக்குளியில் நான்கு பசு.
சினை ஊசி இரண்டு தரம் பொய்த்தாயிற்று.
புண்ணாக்குக் கடன் எழுபதாயிரம்.
இதன் தாய் பதினொரு லீற்றர் கறந்தவளாம்,
சாட்சி, நானாவின் வாய்.

எடைக்கு மேலே எவ்வளவு?
பிறக்காத கன்றுக்கு என்ன விலை,
அதில் பாதி நாம்பனாய் விழுமே, அதற்கு?
கைபேசியில் கூட்டினேன். அழித்தேன்.

காளை என் சேலைத் தலைப்பை முகர்ந்தது.
மேலுதட்டைச் சுருட்டி
வானத்தைப் பார்த்து நின்றது.
விடியலிலிருந்து கத்திக்கொண்டிருக்கிற
செவலையின் வாசம்.

நானாவும் கண்டுவிட்டார்.
பதினைந்தாயிரம் கூட்டினார்.

ஐந்தைக் குறையுங்கள் என்றேன்,
கயிறு எப்போதோ என் கைக்கு வந்திருந்தது.