காம்புப் பக்கம்

காவேரிப்பட்டணம் தாண்டிக் கூழ் ஆலை.
ராத்திரி ஷிப்ட்.
பெல்ட்டில் தோத்தாபுரி வந்துகொண்டே இருக்கும்.
காம்புப் பக்கம் பார்ப்பது என் வேலை.
பூசணம் முதலில் உட்காருவது அங்கேதான்:
பஞ்சு மாதிரி வெள்ளை,
மறுநாள் அதன்மேல் மிளகுப்பொடி தூவிய கறுப்பு.
தொரட்டி கீறிய பழம்,
லாரியில் அடிபட்ட பழம்.
பக்கத்தில் முழுசாய் இருப்பது
அதே காற்றைக் குடித்தும் அப்படியே இருக்கும்.

பதினோரு வருஷமாய் இது தெரியும் எனக்கு.

அவருக்குச் சுகர் இருந்ததுதான் தெரியாது.
கிரானைட் லாரி ஓட்டுகிற மனுஷன்
எப்போது ரத்தம் கொடுத்துப் பார்ப்பார்.
ரெண்டாவது அலையில் ஒன்பது நாள் ஆக்சிஜன்.
வீட்டுக்கு வந்தும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை;
சீட்டில் ஐந்து நாள் என்றிருந்ததை
தெம்பா இருக்குது தெம்பா இருக்குது என்று
இருபது நாள்.
மெடிக்கலில் வாங்கி வந்தது நான்.

அப்புறம் ஒரு கன்னம் மரத்தது.
மெல்லும்போது மேல்பல் ஆடியது.
மூக்குச் சிந்திய துண்டில் கறுப்பு.

அந்தக் கறுப்பு எனக்கு அடையாளம் தெரிந்தது
என்றால் நம்புவீர்களா.
தெரிந்தது.
தெரிந்தும் ரெண்டு நாள் ஆவி பிடிக்க வைத்தேன்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி.
திம்மராயன், 46, என்று கேஸ் சீட்டில்.
மருந்து குப்பி எண்ணி வந்தது,
சில நாள் எண்ணுவதற்கே இல்லை.
ஊரில் நான் குழாயடிக்குப் போனால்
குடங்கள் தள்ளிக்கொண்டன.
ஆளுக்கு ஆள் ஒட்டாதும்மா, என்றார் டாக்டரம்மா,
மண்ணுல இருக்கு, காத்துல இருக்கு, அழுகின பழத்துல இருக்கு,
எல்லார் மூக்குலயும்தான் போகுது,
உடம்பு விட்டுக்கொடுத்த இடத்துல முளைக்குது.
அழுகின பழம் என்றதும்
முந்தானையைச் சுருட்டி உள்ளே செருகிக்கொண்டேன்.

கெட்ட இடத்தை ஆழமா வெட்டு,
மீதி கூழுக்கு ஆகும்
என்பான் எங்கள் மேஸ்திரி.
கையெழுத்து வாங்கும்போது
அவர்களும் அதைத்தான் சொன்னார்கள், வேறு வார்த்தையில்.
இடது கண். மேல்தாடையில் பாதி.

லாரி விற்றாயிற்று.
டம்ளருக்கு ஒரு விரல் தள்ளித் தண்ணீர் ஊற்றுகிறார்.
விடிந்து நான் வந்ததும்
விரலைக் குத்தி அந்தச் சின்னப் பெட்டியில் பார்ப்போம்.
அது கணக்குப் போடும் நேரத்தில்
என் கையை இழுத்து மோந்து பார்ப்பார்.
பாதி வாசம்தான் தெரியுமாம்.
"நீலம் வந்திருச்சா?"

நூற்று எழுபத்தெட்டு.

"இன்னும் இல்ல" என்கிறேன்.
நேற்றே வந்துவிட்டது.