முள் நிற்கும் வரை

முப்பத்தோரு வருஷம் மோல்மேன் கிட்டங்கியில்
ரப்பர் எடை போட்டவன் நான்.
லாரி மேடையேறும்.
முள் தடுமாறும்,
தடுமாறி நிற்கும்.
நின்ற பிறகுதான் நோட்டில் எழுதுவேன்.
நிற்குமுன் எழுதச் சொல்லிக்
காசு நீட்டியவர்கள் உண்டு.

போன மாசியில்
என் முள்ளே நிற்கவில்லை.

இரண்டு அடி, ஒரு இடைவெளி.
ஐந்து அடி, ஒரு இடைவெளி.
இருட்டில் இல்லாத படிக்குக் கால் வைத்தது போல்
நெஞ்சு ஒரு கணம் கீழே போய் வரும்.
செண்பகவல்லி காது வைத்துக் கேட்டாள்.
"பாலம் கட்டுறதுக்கு முன்னாடி
பிலூ தீவுக்குப் போற படகு இப்படித்தான் விக்கும்,
கரை சேர்ந்திரும்" என்றாள்.
அன்றிரவு அவள் தூங்கவில்லை.

கரண்ட் போவதற்குள் எடுத்த காகிதச் சுருளை
டாக்டர் கின் சோ தெய்ன்
துணிக்கடைக்காரி போல் முழம் முழமாகப் பார்த்தார்.
அடைப்பு இல்லை.
பிரஷர் இருக்கிறது.
ரத்தத்தில் மக்னீசியம் சற்றுக் குறைவு.

குப்பி தாய்லாந்திலிருந்து வரவேண்டும்.
நாய் தலாவிடம் சொல்லிவிட்டேன்.
நாய் என்றால் மோன் பாஷையில் ஐயா.
முப்பது வருஷமாக வாய் நிறைய
நாய், நாய் என்று கூப்பிடுகிறேன்,
மரியாதையாகத் திரும்பிப் பார்ப்பான்.

மியாவடிச் சாலையில் பதினேழு நாள்.
ஒவ்வொரு கேட்டிலும் ஒரு துப்பாக்கிக்காரன்
குப்பியைக் குலுக்கிப் பார்த்தானாம்.
எண்ணினேன். அறுபதில் ஐம்பத்து நாலு.
வழியில் ஆறு நெஞ்சுகள்
ஒழுங்காக அடித்துக்கொண்டிருக்கட்டும்.

வெறும் மக்னீசியம் இல்லை அது.
கிளைசின் என்றொரு அமினோ அமிலம்
கையைப் பிடித்துக் குடலுக்குள் கூட்டிப்போகுமாம்.
தனியாக வந்தால் பாதியை வாசலில் நிறுத்திவிடுவார்கள்,
தெரிந்தவன் கூட வந்தால் விடுவார்கள்.
இந்த நாட்டில் எனக்கு
இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

மச்சான் போனில் படித்துவிட்டு
இன்னும் மூன்று வரவழைத்திருந்தான்.
மேசையில் வைத்தேன்.
பொட்டாசியத்தை டாக்டர் உடனே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
"உங்க பிரஷர் மாத்திரையே அதை உள்ள தேக்கும்.
மேல மேல ஏத்தினா இதயம் நின்னுபோகும்."
அளவுக்கு மேல் ஏற்றிய லாரிகளை
எத்தனை திருப்பி அனுப்பியிருக்கிறேன்!
ஆர்ஜினின்: மாரடைப்பு கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து
பாதியில் நிறுத்திவிட்டார்களாம்.
டாரின்: கணவாயில் இருப்பது, இறாலில் இருப்பது.
"நெஞ்சுக்கு நல்லதா?"
"இருக்கலாம்."
"மக்னீசியம்?"
"உங்களுக்கு, இப்போதைக்கு, இருக்கலாம்.
ஙாப்பியை மட்டும் நிச்சயமாகக் குறையுங்கள்."

வாசலில் செண்பகவல்லி முணுமுணுத்தாள்,
இவ்வளவு படிச்சவங்க இருக்கலாம்ங்கறாங்களே.
எனக்கோ அந்த அம்மாள் மேல்
அப்போதுதான் நம்பிக்கை வந்தது.
முள் நிற்குமுன் எழுதாதவர்.

பத்தாயிரம் வீசை ஏறிய மேடைக்காரன்
இப்போது ராத்திரி ராத்திரி
இருநூறு மில்லிகிராமை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன்.
ரப்பர் தாளை உதறினால் விழும் தூசி
இதைவிடக் கனம்.

நாற்பது நாளாயிற்று.
இடைவெளிகள் குறைந்திருக்கின்றன.
மாத்திரையா,
உப்பில்லாத சோறா,
அடைப்பில்லை என்ற ஒரு சொல்லா,
பிரித்து நிறுக்க என்னிடம் தராசு இல்லை.
நாய் தலா அடுத்த குப்பிக்குப் பணம் கேட்டான். கொடுத்தேன்.
சாலை மறுபடி மூடியிருக்கிறது.

நேற்று நடு ராத்திரி
மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருபது. முப்பது. முப்பத்தாறு.
பிறகு ஒன்று தவறியது.
தூக்கத்திலிருந்தே அவள் கேட்டாள்:
"நின்னுருச்சா?"

எதைக் கேட்கிறாள் என்று புரிய
ஒரு அடி நேரம் ஆயிற்று.

"இல்ல. இன்னும் எழுதல" என்றேன்.