வெள்ளைக் கோடு

ஓஷ் சந்தையில் கப்பல் பெட்டிக்குள் கடை.
உலார்பெக் பதினோரு திருகுகளைத்
தேநீர்க் கிண்ணத்தில் போட்டான்.
பன்னிரண்டாவது, ரப்பர் காலுக்கு அடியில்.

"பாருங்க டாக்டர்."
பச்சைப் பலகையில் வெள்ளைக் கோட்டால் ஒரு செவ்வகம்,
வரிசையாகத் தங்கப் புள்ளிகள்.
எஸ்எஸ்டி உட்கார வேண்டிய இடம்.
இடம் இருக்கிறது; செருகுவாய் இல்லை.
காசை மிச்சம் பிடிக்க
யாரோ கோட்டோடு நிறுத்திவிட்டார்கள்.

இருக்கும் அறுபத்து நாலு ஜிபியோ
பலகையோடு பற்றவைத்தது.
பாதி விண்டோஸ்.
மீதியில் அலாய்ச் சமவெளியின்
முந்நூற்றுச் சொச்சம் பெட்டைக் குதிரைகளின் வயிறு,
ஸ்கேன் ஸ்கேனாக.
நேற்று இடம் போதாமல் ஒன்றை அழித்தேன்;
செத்துப் பிறந்த குட்டி.
அழித்த பிறகு தோக்தோபெக் போனில் கேட்டார்,
அந்தப் படம் இருக்கிறதா என்று.

மெமரி கார்டுக்கு மட்டும் ஒரு துளை உண்டு,
அதுவும் அரை ஆழம்.
வாங்கிச் செருகினேன்.
நாக்கைத் துருத்தும் பிள்ளை மாதிரி
பாதி வெளியே நிற்கிறது.
உலார்பெக் கூலி வாங்கவில்லை.

மலைப்பாதையில் வண்டி குலுங்கும்.
குளம்புக்குச் சுற்றும் ஒட்டுத்துணியைக் கிழித்து
கார்டின் மேல் இரண்டு சுற்று.
புது வட்டுக்குப் பெயர் கேட்டது.
'லாயம்' என்று தட்டினேன்.
நகல் முடிய நாலு மணி நேரமாம்.
சாரி-தாஷ் வரை
பேட்டரி தாங்கினால் சரி.