பத்து வருட ஆட்சி

நொத்தாரிசு குலவீரசிங்கத்தாரின் கந்தோரில்
பதினெட்டு வருடமாக உறுதி தட்டச்சுகிறேன்.
டொக்யார்ட் வீதி, மேல்மாடி, ஒற்றை விசிறி.
யாருடைய கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு,
யார் வளவால் யாருக்கு நடைபாதை,
எல்லாம் என் விரல்களுக்குத் தெரியும்.

அந்தப் பாட்டு மட்டும் யாருடையது என்று
போன தை வரை யோசித்ததில்லை.

கடைசி பஸ். உப்புவெளி தாண்டும்போது
போனில் வழமைபோல் தொட்டேன்.
பெயர் இருந்தது, சாம்பல் நிறத்தில்.
'உங்கள் பிரதேசத்தில் இது கிடைக்காது.'

பிரதேசம்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
இவ்வளவு இலேசாக யாரும் எழுதமாட்டார்கள்.
எழுதினால் கீழே வரைபட இலக்கம் போடவேண்டும்,
இரண்டு சாட்சி வேண்டும்,
சிலவேளை பொலிசும் வேண்டும்.

மாதம் தவறாமல் காசு கட்டினேன்.
நாற்பது பக்க ஒப்பந்தத்தில்
'சம்மதம்' என்று தொட்ட பெருவிரல் இதுதான்.
ஊராருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டி
'விளங்கினதோ?' என்று கேட்ட பிறகே
ஒப்பம் வாங்குகிறவள் நான்.

ஆனாலும் சட்டத்தில் ஒரு படலை திறந்திருக்கிறது:
பத்து வருடம்
இடையூறின்றி, தொடர்ச்சியாக,
வேறொருவர் உரிமையை ஏற்காமல்
ஒரு காணியை ஆண்டால், அது ஆண்டவருக்கே.
மத்தியானம் ஐயா கதிரையில் கண்ணயர,
ஒரு வெள்ளைத்தாளை ஏற்றினேன்.

அட்டவணை.
வடக்கே: ஆர்மோனியத்துக்கு முந்திய ஒரு மூச்சு.
கிழக்கே: கரண்ட் போனால், கடல்.
தெற்கே: இரண்டாம் சரணத்தில் வாத்தியக்காரர் யாரோ இருமுவது.
மேற்கே: மரியசீலனின் 'இன்னொருக்காப் போடு.'
இவ்வெல்லைகளுக்குட்பட்ட
நான்கு நிமிடம் பதினொரு விநாடியும்,
அதிலுள்ள வான்பயிர் பலபயிர்களும்,
கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரித்தும்,
முழுவதும்.

சாட்சிகள் என்ற இடத்தில் விரல் நின்றது.
பத்து வருடமும்
காதுக்குள் செருகியல்லவா கேட்டேன்.

ஐயா எப்போது விழித்தாரோ,
தோளுக்கு மேலால் வாசித்தார். சிரிக்கவில்லை.
'வாடகை கட்டினவளுக்கு
ஆட்சி உரிமை இல்லைப் பிள்ளை.'

பஸ் நிலையத்தில் தாளைச் சுருட்டி எறிந்தேன்.
குப்பைத் தொட்டியடியில் நின்ற மானொன்று
வடக்கெல்லையிலிருந்து
அதைத் தின்னத் தொடங்கியது.

மாசியில் தம்பலகாமம்.
ஒரு வரம்புத் தகராறு. நில அளவையாளர், சங்கிலி, நான்.
விளைந்த வயலின் குறுக்கே கயிறு கட்டி
கிளிக்குப் பயங்காட்டச் சீடிகள் தொங்கின.
எத்தனை பேருடைய படங்கள், கலியாண வீடுகள்,
வெயிலை வெட்டிவெட்டி வீசிக்கொண்டு.

ஒன்றில் என் கையெழுத்து.
மாக்கரில், சரிந்து: 'ஏழாவதை இரவில் கேள்.'
மரியசீலன் கட்டார் போகுமுன் பதிந்தது.
கொடுக்கவில்லை.
போனுக்குள் எல்லாம் வந்துவிட்ட வருடம்
பழைய பேப்பரோடு பேப்பராகக்
கிலோவுக்கு நிறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

'என்னுடையது' என்றேன்.
இந்த வழக்கில் அந்தச் சொல்லை
அன்றைக்கு மூன்றாவதாகச் சொன்ன ஆள் நான்.
வயல்காரர் முஸம்மில் கயிற்றைப் பார்த்தார்.
'எடுங்க. ஆனா வெட்டு முடியட்டும்.
இதுதான் நல்லாச் சுத்துது.'

நியாயம்தான்.
தலையாட்டிவிட்டுச் சங்கிலியைப் பிடித்தேன்.

என் லப்டொப்பில்
சீடி போட வாயே இல்லை என்பது
திரும்பி வரும்போதுதான் உறைத்தது.
சீனன்குடாச் சந்தி. சன்னலில் உப்புக்காற்று.
ஏழாவதை மெல்ல வாய்க்குள் ஓடவிட்டேன்.
சொற்கள் இரண்டு இடத்தில் தவறின.
இரண்டாம் சரணத்தில், சரியாக அந்த இடத்தில்,
இருமினேன்.

முன் சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சாட்சி ஒன்று.