செவுள்

"மூக்கைத் தொடுங்க. இப்ப என் விரலை.
மறுபடி மூக்கை."
ஸ்டான்லியில், பச்சைத் திரைக்குப் பின்னே,
மீசை சரியாக முளைக்காத டாக்டர் விரலை நீட்டுகிறான்.
என் வலது கை ஒழுங்காகத்தான் கிளம்புகிறது.
பாதி வழியில் தடுமாற்றம்,
கிட்டே போகப் போக ஆட்டம்.
விரலைத் தாண்டிப் போய்
அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தட்டிவிடுகிறது.
"கையில பலம் இருக்கும்மா.
நேரந்தான் தப்புது."

நேரமா?
காசிமேட்டில் பத்தொன்பது வருஷம் மீன் வெட்டியவள் நான்.
வஞ்சிரம் என்றால் துண்டுக்கு ஒரே போடு.
சங்கராவுக்குச் செதில், செவுள், குடல், வால்
பாக்கியைக் கேட்டுக்கொண்டே,
மகளைத் திட்டிக்கொண்டே.
கத்தி இறங்கும் முன் இடது கை விரல் நகர்ந்துவிடும்.
எப்போது நகர்ந்தது என்று
ஒரு நாளும் பார்த்ததில்லை.
யாராவது கேட்டிருந்தால்
பழக்கம் என்று சொல்லியிருப்பேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.
கொண்டை ஊசி குத்தும் இடத்துக்கு உள்ளே,
பெரிய மூளைக்கு அடியில்,
மடிப்பு மடிப்பாய் ஒரு சின்னது.
"செவுள் மாதிரிக்கீதே" என்றேன்.
சிரித்தான். சிறுமூளை என்றான்.
அதன் வலது ஓரத்தில், ரத்தம் போகாமல்,
பட்டாணி அளவுக்கு ஒரு நிழல்.

அவன் சொன்னது எனக்கு இப்படிப் புரிந்தது:
கை போன இடத்தைக் கண் பார்த்து,
சேதி மேலே போய், பதில் கீழே வருவதற்குள்
கத்தி விரலைத் தாண்டியிருக்கும்.
அதனால் அந்தச் சின்னது சேதிக்குக் காத்திருப்பதில்லை.
கை எங்கே இருக்கும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு
'போதும்' என்கிறது.
படகைக் கரையேற்றும்போது
முன்னால் இழுப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.
பின்கயிற்றைப் பிடித்து, விட்டு, பிடித்து
ஒருவன் நிற்பான்.
அவன் தூங்கிவிட்டான் என் தலைக்குள்.

டீ டம்ளர் பல்லில் இடிக்கிறது.
சாவி பூட்டைச் சுற்றிச் சுற்றிக் கிறுக்குகிறது.
பேச்சும்
துண்டு
துண்டாகத்தான்.
கால் அகட்டி நடந்து வருவதைப் பார்த்து
ஐஸ் வண்டி ஏசுபாதம் கத்தினான்:
"டெல்லிராணி போட்டுக்கினு வருதுடா!"
என் வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கிய நடை.
எனக்கு இலவசம்.

எண்ணூர் ரோட்டோரம் நின்றேன், அரை மணி.
கண்டெய்னர் லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
முன்பு நான் நுழைந்து போன சந்து
இப்போதும் திறந்து திறந்து மூடுகிறது.
கூடை சுமந்த ஒருத்தி போன் பேசியபடியே
அதில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.
நான் கால் எடுக்கும்போது
சந்து மூடியிருந்தது.

பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்:
தொடைமேல் உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கை.
வாணலியில் மீனைத் திருப்பிப் போடுகிற மாதிரி.
நாற்பதில் இருபது கருகிப் போகிறது.
மீதி மூளை கற்றுக்கொள்ளும் என்கிறான் பையன்.
எவ்வளவு நாளில் என்றால்
பேனாவைத் தேடுகிறான்.

இன்று கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன்.
என் கத்தி அகஸ்தீனாவின் கையில்.
கூடையில் தலைகள்.
மீனுக்கும் உண்டாம் அதே சின்னது,
கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.
தண்ணீருக்குள் வலையின் நிழல் அசைந்ததும்
கூட்டமே ஒரே வாலாய்த் திரும்புமாமே,
அதற்கும் இது வேண்டுமாம்.
எத்தனை ஆயிரத்தைக் குப்பையில் வீசியிருப்பேன்.

ஒரு சங்கராத் தலையை எடுத்து
ஒற்றைக்கண் பூனைக்கு எறிந்தேன்.
குறி தப்பி ஐஸ் பெட்டிப் பக்கம் போனது.

அது விழப்போகும் இடத்துக்குப்
பூனை முன்பே கிளம்பியிருந்தது.