ஒன்றரை மீட்டர்

நாடாவை வெட்டியவள் நான்.
வேறு எதுவும் வாசிக்கத் தெரியாது எனக்கு.
அட்டைப்படத்தில் நால்வர் நிற்பார்கள்,
ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும்.
அது என்னுடையது.

எழுபத்திரண்டு. பின்லாந்தில் கோட்கா துறைமுகம்,
ஏழாம் படகுத்துறையின் தகரக் கொட்டகை.
பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு
கதவில் எழுதியிருந்ததையே வைத்துக்கொண்டோம்:
லைத்துரி ஏழு.
குளிரில் பத்து நிமிடத்துக்கொருமுறை
கிதாரின் சுருதி இறங்கும்.
முறுக்கி முறுக்கிச் சலித்த ஆர்வோ ஒரு நாள் கையை எடுத்துவிட்டான்.
"இறங்கட்டும். எதுவரைக்கும் போகிறதென்று பார்ப்போம்."
அதுதான் முதல் இசைத்தட்டின் முதல் பக்கம்,
இருபத்தொரு நிமிடம்.

ஊர்ஹோவுக்குக் காகித ஆலையில் இரவு ஷிப்ட்.
மூன்றாம் எந்திரத்தின் உலர்த்தும் உருளையில்
ஓர் ஒடுக்கு.
சுற்றுக்கு ஒருமுறை இடறும்.
எட்டு மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு
டிரம்ஸ் முன்னால் வந்து உட்கார்ந்தால்
கையும் அதே இடத்தில் இடறும்.
திருத்திக்கொள்ளச் சொன்னோம்.
முடியவில்லை.
பிறகு நாங்கள் நொண்டப் பழகினோம்.

மர்கெத்தா பாடமாட்டேன் என்றாள்.
சரக்குப் பட்டியலை வாசித்தாள்:
மரக்கூழ் நாற்பது டன், தார்ப் பீப்பாய் பன்னிரண்டு,
வாங்கிக்கொள்ள ஆள் வராத பியானோ ஒன்று.
பியானோ என்னும் இடத்தில் மட்டும் குரல் தடுக்கும்.
ஏனென்று கேட்டதில்லை.

ஹாம்பர்க்கில் பதினோரு பேர் வந்தார்கள்,
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
லூபெக்கில் பீர் பாட்டில் பறந்து வந்தது.
ஊர்ஹோ அதை எடுத்துத் தட்டிப் பார்த்தான்,
ஓசை பிடித்துப்போய்
பைக்குள் போட்டுக்கொண்டான்.

மூன்றாவது இசைத்தட்டு. கடைசிப் பாட்டு.
நடுவில் நால்வரும் ஒரே கணத்தில் நின்றுவிட்டார்கள்,
யாரும் பேசிவைத்துக்கொள்ளாமல்.
நான்கு நொடி.
ஒரு நாற்காலி முனகுகிறது. தகரத்தில் மழை.
யாரோ மூச்சை இழுக்கிறார்,
விடவில்லை.

"தப்பு அது. வெட்டிவிடு," என்றான் ஆர்வோ.

வெட்டினேன்.
நொடிக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் கணக்கில்
ஒன்றரை மீட்டர் வந்தது.
கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.
தூக்கம் வரவில்லை.
விடியுமுன் திரும்பி வந்து
எடுத்த இடத்திலேயே ஒட்டினேன்.

அச்சாகி வந்த பிறகுதான் ஆர்வோ கேட்டான்.
ஒன்பது வருடம் என்னோடு பேச்சில்லை,
மற்றவர்களோடும் இல்லை.
இசை சார்ந்த கருத்து வேறுபாடு என்று
பத்திரிகையில் போட்டார்கள்.

ஊர்ஹோ லிப்ட் பழுதுபார்த்தான்.
மர்கெத்தா லாத்தியில் ஒரு பல் மருத்துவரிடம்
பெயர் கூப்பிடும் வேலையில் இருந்தாள்.
கீபோர்டு வாசித்த இல்மோ நார்வே பக்கம் போனான்,
விலாசம் இல்லை.

அப்புறம் கடிதங்கள்.
ஒசாகாவிலிருந்து மூன்று பெண்கள்:
அந்தத் தாளத்துக்கு என்ன கணக்கு, ஏழா பதின்மூன்றா?
ஆறு மாதம் எண்ணிப் பார்த்தார்களாம்.
ஊர்ஹோ ஒரே வரியில் பதில் போட்டான்:
உருளையில் ஒடுக்கு.
அதையே தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.
பிறகு ஒரு சலவை எந்திர விளம்பரத்தில்
எங்கள் நொண்டலை
யாரோ நேராக நடக்கவிட்டிருந்தார்கள்.

போன செப்டம்பர், ராட்டர்டாம்.
ஆறாயிரம் பேர்.
மேடைக்குப் பின்னால் மூட்டுவலி மாத்திரைகள்,
இல்மோவின் இடத்தில் ஓர் இளைஞன்,
ஒலிப்பலகையில் நான்.
கடைசிப் பாட்டு. மேடை சட்டென்று நின்றது.
ஆறாயிரம் தொண்டைகளும் ஆர்ப்பரித்தன.
அந்த இடம் அவர்களுக்கு மனப்பாடம்,
காத்திருந்து வரவேற்றார்கள்.
நான்கு நொடியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

ஆர்வோ என் பக்கம் திரும்பி
இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டிக் காட்டினான்.
சிரித்தானா என்று
அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.