அரைமழைத் தோட்டத்தில் அலுவலக நேரம்

உப்பு வரி வசூலித்த அதிகாரியாம்,
மிங் காலத்து ஆள்.
பொய்க் கணக்கில் முத்திரை குத்த மாட்டேன் என்றாராம்.
பதவி போனது.
சூசோவுக்குத் திரும்பி வந்து
இந்தக் குளத்தை வெட்டினார் என்கிறாள்
மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டி,
இடுப்பில் கட்டிய ஒலிபெருக்கி கரகரக்க.

எனக்கும் பதவி போனது.
நான் எதையும் மறுக்கவில்லை.
சர்க்யூட் பலகையில் பழுது தேடும் என் கண்ணைவிட
ஒரு கேமரா வேகமாகத் தேடுகிறது, அவ்வளவுதான்.
அவருக்குக் குளம் வெட்ட நிலம் இருந்தது.
எனக்கு நூற்றிருபது யுவானுக்கு
ஓராண்டு நுழைவு அட்டை.

ஏழரைக்குக் கழுத்தில் பழைய அடையாள அட்டையோடு
வீட்டை விட்டுக் கிளம்புகிறேன்.
மெட்ரோவில் அதைக் கழற்றிப் பைக்குள் போடுகிறேன்.
எட்டேகாலுக்கு வாயில்காவலர் சியோங்
தலையசைக்கிறார்.
பத்தொன்பது வேலைநாட்கள்.
ஒருநாள்கூடத் தாமதமில்லை.

நுழைந்ததும் முகத்தில் இடிப்பதுபோல் ஒரு மதில்.
சுற்றிப் போனால் ஒரு மூங்கில் புதர்,
அதையும் சுற்றினால்தான் தண்ணீர்.
எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் காட்டிவிடுவது
இங்கே மரியாதையில்லை.
வீட்டில் நானும் அப்படித்தான்.

டாய் ஏரியிலிருந்து கொண்டுவந்த கல்,
ஆளுயரம், எலும்பும் துளையுமாய்.
தண்ணீர் தின்னத் தின்ன விலை ஏறியதாம்.
என்னிடமும் ஓட்டைகள் உண்டு,
யாரும் சுற்றிவந்து படம் எடுப்பதில்லை.

ஒன்பது முறை திரும்பும் பாலத்தில்
வாடகைப் பட்டு உடுத்திய இரண்டு பெண்கள்
விசிறியால் முகம் மறைத்து,
மறைத்த முகத்தைச் செல்பியில் சரிபார்க்கிறார்கள்.
பேய்க்கு நேராக மட்டும்தான் நடக்கத் தெரியும் என்பார்கள்.
வீட்டுக்கடன் வங்கிக்கு
எல்லாத் திருப்பமும் தெரிகிறது.

மதியம், பிளம் பழுக்கும் பருவத்து மழை.
குளத்தோரம் வாழை:
குலைக்காக இல்லை,
இலையில் விழும் மழையைக் கேட்பதற்காக
நட்டு வைத்திருக்கிறார் மனிதர்.
வேலையில்லாதவருக்குத்தான் இது தோன்றும்.
நின்று கேட்டேன்.
சட்டை நனைந்ததும் ஓடினேன்.

இரட்டை நடைக்கூடம்.
ஒரே கூரை, நடுவில் சுவர்,
சுவருக்கு இந்தப்புறம் ஒரு பாதை, அந்தப்புறம் ஒன்று.
சுவரில் பதினேழு சாளரங்கள்,
ஒன்றின் பின்னல் இன்னொன்றில் இல்லை.

மூன்றாவதில், உடைந்த பனிக்கட்டிப் பின்னலுக்குள்,
ஒரு நீலக் குடை.
நான்காவதில் குடை மடங்கியது.
ஐந்தாவதில் ஒரு கை
டிபன் பெட்டியைத் திறந்தது.
இன்று காலை நான் அடைத்த பெட்டி:
சோறு, ஊறுகாய் முள்ளங்கி,
தேநீரில் ஊறிய இரண்டு முட்டை.

யீரோங்.
இந்நேரம் பாலத்துக்கு அப்பால்
இன்னும் கட்டாத அடுக்குமாடியின் இருபதாம் தளத்தை
யாருக்காவது விற்றுக்கொண்டிருக்க வேண்டியவள்.
சாம்பல் கோட்டில் பெயர்ப்பட்டை அப்படியே இருந்தது.
காலில் மட்டும் வீட்டுச் செருப்பு,
குதிகால் செருப்பு பக்கத்தில், சோடியாக.

எத்தனை நாளாக?
அவளுக்கு எந்தக் காவலர் தலையசைக்கிறார்?
நேற்றிரவு, "வேலை எப்படி?" என்றேன்.
"எப்போதும்போல" என்றாள்.
"உனக்கு?"
"எப்போதும்போல."

போனை எடுத்துத் தட்டினேன்:
சாப்பிட்டாயா?
சுவருக்கு அந்தப்புறம் ஒரு மணியோசை.
பதில் வந்தது:
இப்போதுதான். இங்கே ஒரே கூட்டம்.

பொய்யில்லை.
அவள் காலடியில்
கெண்டைகள் வாய் பிளந்து முண்டியடித்தன.
வெள்ளையைத் தின்றுவிட்டு
மஞ்சள் கருவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.
பதினோரு வருஷமாக
அவளுக்கு மட்டும் இரண்டு முட்டை வைக்கிறேன்.

கூடத்தின் கடைசித் தூணில் சுவர் முடிகிறது,
இரண்டு பாதையும் அங்கே ஒன்றாகும்.
வந்த வழியே திரும்பிப் போகவும் முடியும்.
மணி ஒன்று பத்து,
அலுவலகம் விட இன்னும் நான்கு மணிநேரம்.

ஆறாவது சாளரத்தில் வாயை வைத்துச் சொன்னேன்:
"மீனுக்குப் போடாதே.
ஐம்பது யுவான் அபராதம்."

திரும்பினாள்.
பின்னலுக்குள் அவள் முகம் பல துண்டுகளாய் இருந்தது.
ஒவ்வொரு துண்டும்
தனித்தனியாக யோசித்தது.
முதலில் சிரித்தது,
முட்டைத் துணுக்கு ஒட்டியிருந்த
இடது உதட்டோரத் துண்டு.